மங்கை பேரில் ஒரு கார்டு

ஜூன் 14, புதன்

மாலை 5.52. செய்தி வந்த நேரம் இது. பேசியவர் என் மனைவி மங்கை வேலை பார்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை. “சார், எங்க இருக்கீங்க? மத்தியானத்துலேருந்து தேடிக்கிட்டிருக்கோம்” என்றார். அழுதார். அந்த அழுகையிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் மேசையில் தலை சாய்த்துப் படுத்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா, மங்கையின் அப்பா, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் செருப்பை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

போன் கம்பெனி கேட்டில் இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது உண்மைதான்.

ஜூன் 15, வியாழன்

எல்லாம் முடிந்தது. வந்து போனுக்கு சார்ஜ் போட்டேன்.

ஜூன் 24, சனி

ஃப்ரிட்ஜில் அவள் அரைத்துவைத்த மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. மாமா அதை எடுத்துக் கொட்டப் போனார். வேண்டாம் என்றேன். “வச்சு என்ன பண்ணப் போறீங்க மாப்ள?” என்று கேட்டார். அவரே கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தார்.

மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வீடு அவருடைய பி.எஃப். பணத்தில் கட்டியது. எங்கள் கல்யாணத்தின்போது மங்கை பேருக்கு எழுதிவைத்துவிட்டார். முன்னறை அவருக்கு, உள்ளறை எங்களுக்கு. இப்போது வீட்டில் இரண்டு ஆண்கள். இருவருக்கும் எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. தினமும் மிஞ்சுகிறது.

மத்தியானம் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“மங்கையர்க்கரசி மேடம் கிரெடிட் கார்டு விஷயமா பேசுறேன் சார். ரெஜினால்டு. போன மாசமும் பேசியிருக்கோம்.”

“அவங்க இறந்துட்டாங்க.”

பின்னால் வேறு யாரோ யாரையோ மிரட்டிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

“சாரி சார். எனக்குத் தெரியாது. டெத் சர்டிபிகேட் மட்டும் அனுப்பிவிடுங்க.”

ஜூன் 26, திங்கள்

சர்டிபிகேட்டை அனுப்பினேன். சாயங்காலம் ரெஜினால்டு கூப்பிட்டான். குரலில் மரியாதை இருந்தது. கேள்விகள் எழுதிவைத்துப் படிப்பதுபோல் வந்தன. மேடத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? இல்லை. நகை? வளையல் நாலு, தாலிச்செயின். சொத்து ஏதாவது மேடம் பேர்ல? வீடு இருக்கிறது, பொன்மலைப்பட்டியில் என்றேன். கதவு எண்ணையும் சொன்னேன்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பாய்லருக்கான பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது வேலை. பன்னிரண்டு வருடமாக யாராவது கேட்டால் முள் நிற்கும் இடத்தை அப்படியே சொல்லிப் பழக்கம். கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை. அவன் கேட்டான், சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஜூலை 1, சனி

இன்று பேசியது ரெஜினால்டு இல்லை. அவனுக்கு மேலே இருப்பவர். நாலு லட்சத்து முப்பதாயிரம் பாக்கி. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் மேடத்தின் சொத்து மேல் கேஸ் போட்டு வீட்டை ஜப்தி செய்வோம், கதவில் நோட்டீஸ் ஒட்டுவோம் என்றார். “அவங்க கடன், அவங்க வீடு. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். நாங்க எடுத்துக்குவோம், அவ்வளவுதான்.”

சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னபோது ஆமாம் என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டியது அவருக்கு எப்படித் தெரியும்.

கார்டு மங்கையின் சம்பள வங்கி தானாக அனுப்பியது. அவளுக்குக் கார்டில் வாங்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அதில் ஒரு டெட் வெயிட் டெஸ்டர் வாங்கப்பட்டது. பிரஷர் கேஜ்களைச் சோதிக்கும் கருவி. பித்தளைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடை ஏற்ற வேண்டும். சின்னக் கம்பெனிகளின் கேஜ்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்துத் தரும் தொழில் தொடங்குவதாகத் திட்டம். விலை குறைவு என்று செகண்ட்ஹேண்டில், மூலச் சான்றிதழ் இல்லாமல் வாங்கியாயிற்று. அந்தச் சான்றிதழ் இல்லாத டெஸ்டரால் சோதித்த கேஜை எந்தத் தர ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். தொழிலில் இருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம். இப்போது பரணில், பழைய போர்வையைச் சுற்றி இருக்கிறது.

பில் தகவல் வருவதற்குக் கார்டில் கொடுத்த நம்பர் என்னுடையது. கட்டி முடித்துவிட்டதாக மங்கையிடம் சொல்லியாயிற்று. அவள் அன்று கேசரி செய்தாள்.

ஜூலை 4, செவ்வாய்

வேலைக்குப் போனேன். மத்தியானம் கேட்டுக்கு வெளியே இருக்கும் கேன்டீனில் போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். சிராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னோடு ஒரே பெஞ்சில் வேலை செய்பவன். கடன் விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும்.

“யோவ், கடன்காரன் போனை மொத ரிங்லயே எடுக்குற ஒரே ஆளு நீதான்யா. அவனுக்கே பயமா இருக்கும். பிளாக் பண்ணித் தொலையேன்.”

“இருக்கட்டும்.”

“இல்ல, ஆஃப் பண்ணியாவது வையி. ராத்திரிகூட தலைமாட்டுலயே வச்சிருக்கியாமே.”

“யாராவது கூப்பிடுவாங்க.”

சிராஜ் தன் டப்பாவிலிருந்து பாதி ஆம்லெட்டை என் தட்டில் வைத்தான்.

சாயங்காலம் வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி அந்தோணிசாமி கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் போன்களை மரப்பெட்டியில் போட்டுக் காவல் இருப்பவர் அவர்தான். எந்த போனாவது மூன்று முறை விடாமல் அடித்தால் மைக்கில் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இது கம்பெனி ஏற்பாடு இல்லை, அவராகச் செய்வது. அப்படித்தான் போன வருடம் ஒருவன் தன் பிள்ளை பிறந்ததை மைக்கில் கேட்டான்.

“நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன் தம்பி. அன்னிக்கு உங்க போன் ஒரு தடவைகூட அடிக்கலையே. அடிச்சிருந்தா நான் விட்டிருப்பேனா? சொல்லுங்க.”

“விட்டிருக்க மாட்டீங்க அண்ணே.”

“என்ன நெட்வொர்க்கோ, எழவோ” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடமிருந்து கையை உருவிக்கொண்டு வந்தேன். மங்கை இறந்த அன்று காலையில் மட்டும் ரெஜினால்டு ஆபீஸிலிருந்து ஏழெட்டு அழைப்புகள். மரப்பெட்டியில் போடுவதற்கு முன்னால் போனை அணைத்தேன். அடித்தால் அவர் மைக்கில் என் பெயரைச் சொல்வார் என்பதால்.

ஜூலை 9, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்றினேன். இப்படி மாற்றக்கூடிய ஏதாவது தினமும் ஒன்று கெட்டுப்போனால் நன்றாக இருக்கும்.

ஜூலை 13, வியாழன்

மங்கைக்கு முப்பதாம் நாள். முப்பது கும்பிட்டோம். மணப்பாறையிலிருந்து மாமாவின் தங்கை வந்து சமைத்தார். மங்கைக்குப் பிடித்த சேமியா பாயசம், கருணைக்கிழங்கு மசியல், அப்பளம். அவள் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தோம். பள்ளியிலிருந்து சில டீச்சர்கள் வந்திருந்தார்கள். கற்பூரம் அணையும்போது வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பையன் தயங்கி நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். குரலைக் கேட்கும்வரை அவன்தான் ரெஜினால்டு என்று தெரியவில்லை.

“வினோபா சார் வீடு...”

நான் எழுவதற்குள் மாமா போய்விட்டார். “வா தம்பி, வா. பாப்பாகூட ஸ்கூல்ல வேல பாக்குறியா? கரெக்டான நேரத்துக்கு வந்திருக்க. மொத பந்தி, உக்காரு.”

“இல்லங்க ஐயா, நான் வந்து...”

“அட, இந்த வீட்டுக்கு இன்னிக்கு வந்தவங்க சாப்பிடாமப் போகக் கூடாதுப்பா. எம்பொண்ணு மனசு சங்கடப்படும்.”

கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நான் பரிமாறினேன். அவனுடைய இலையில் சோறு வைக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மாமா அவன் பக்கத்தில் நின்று, “ரசம் ஊத்திக்க. என்ன இப்படிக் கோழி மாதிரி கொத்துற?” என்று சிரித்தார். முப்பது நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாயசம் இரண்டாவது டம்ளரும் கொடுத்தார். பையன் குடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. காரமாகவும் இருந்திருக்கலாம்.

கை கழுவும் இடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். “சாப்பிட்டுட்டு எப்படி சார் கேக்குறது? நான் கெளம்புறேன். வந்ததுக்கு ப்ரூஃப் மட்டும் வேணும், வாசலை ஒரு போட்டோ எடுத்துக்குறேன். இல்லாட்டி இன்னிக்கு பேட்டா வராது.”

எடுத்தான். கதவு எண் தெரிய இரண்டு, முழு வீடும் தெரிய ஒன்று. மாமா வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்தார்.

“என்ன தம்பி, வீட்டைப் போட்டோ எடுக்குற?”

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. வயிற்றில் எங்கள் சோறு இருந்ததால் இருக்கலாம். கார்டு, நாலு லட்சத்து முப்பதாயிரம், ஜப்தி எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மாமா கேட்டுக்கொண்டார். பிறகு தட்டை நீட்டி, “வெத்தலை எடுத்துக்க” என்றார்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் காப்பி கொடுக்கும்போது மாமா கேட்டார்.

“நாலு லட்சத்துக்கு எம்பொண்ணு என்ன மாப்ள வாங்குனா?”

“தெரியல மாமா.”

அப்படித்தான் சொன்னேன். எழுதும்போதுகூட அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 17, திங்கள்

மாமா மங்கையின் பீரோவைத் திறந்திருக்கிறார். சேலைகளைக் கட்டில்மேல் அடுக்கி, விலைச்சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் எழுநூறு, எண்ணூறு. ஒரே ஒரு பட்டு, அது கல்யாணச் சேலை. திரும்ப அவரே மடித்து வைத்தார். அவள் மடிப்பதுபோல் வரவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

இன்று அவர் பள்ளிக்குப் போய்வந்திருக்கிறார். மங்கை யாருக்காவது கடன் வாங்கிக் கொடுத்தாளா, சீட்டு கீட்டு பிடித்தாளா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார். “அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துச்சு” என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா. அடிப்பிடித்திருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

அதே தலைமை ஆசிரியைதான் முப்பதன்று என்னிடம், “மங்கை மாதிரி ஒரு பொண்ணு கணக்குல ஒரு பைசா தப்பு விடாது சார்” என்றார். இனி அப்படிச் சொல்வாரா?

ஜூலை 20, வியாழன்

அரை நாள் லீவு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். தேன்மொழி மேடம் என்று ஒரு வக்கீல். டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

“மொதல்ல மூச்சு விடுங்க. போன்ல பேசி எவனும் வீட்டை எடுத்துற முடியாது. கேஸ் போடணும், தீர்ப்பு வாங்கணும், அப்புறம்தான் ஜப்தி. வருஷக்கணக்காகும். ஆனா ஒண்ணு, அவங்க விட்டுட்டுப் போன சொத்து அளவுக்குக் கேக்குறதுக்கு பேங்க்குக்கு உரிமை இருக்கு. சொத்து இருக்குன்னு யாரு சொன்னது?”

“நான்தான் மேடம்.”

“நல்லா சொன்னீங்க போங்க.” நெற்றியில் தட்டிக்கொண்டார். “சரி. வயசான மனுஷன் இருக்குற வீடு, பேரம் பேசலாம். பாதிக்குக்கூட இறங்கி வருவாங்க. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. முக்கியமா, கடனை உங்க பேருக்கு மாத்திக் குடுன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க. அதுல மட்டும் மாட்டிக்காதீங்க. இது உங்க கடன் இல்ல.”

“அந்தப் பேப்பர்தான் மேடம் எனக்கு வேணும்.”

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. “அப்ப நான் எழுதித் தர்ற மாதிரிதான் போடணும். வீட்டு மேலயும், மங்கையர்க்கரசிங்கிற பேர் மேலயும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு அவங்க மொதல்ல எழுத்துல குடுக்கணும். அதுக்கப்புறம்தான் நீங்க பேனாவைத் தொடணும். புரியுதா?”

ஜூலை 23, ஞாயிறு

பரணிலிருந்து டெஸ்டரை இறக்கினேன். நல்ல கனம். ஒரு படியில் கால் தவறியது, மாமா வந்து கீழிருந்து பிடித்துக்கொண்டார். கூடத்தில் வைத்துப் போர்வையைப் பிரித்தேன். பித்தளைத் தட்டுகளில் தூசிகூட இல்லை. மாமா உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்து விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒர்க்ஷாப் கை.

“நல்ல மிஷினிங். என்ன மாப்ள இது?”

“நாலு லட்சத்து முப்பதாயிரம் மாமா.”

தட்டைக் கீழே வைக்கவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். எறியப்போகிறார் என்று நினைத்தேன். எறிந்தால் நகரக் கூடாது என்றும் நினைத்தேன். கடைசியில் அதை இருந்த இடத்திலேயே, சத்தமில்லாமல், மற்ற தட்டுகளோடு விளிம்பு சேரும்படி வைத்தார்.

“அவ பீரோவை நான் கொடஞ்சப்ப நீ வாசப்படியிலதானடா நின்ன?”

மாப்ள என்று சொல்லவில்லை. இந்த நாலு வருடத்தில் என்னை அவர் “டா” போட்டது இதுதான் முதல் தடவை.

“ஆமா மாமா.”

சட்டையை மாட்டிக்கொண்டு மணப்பாறை பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுப் போனார். ஸ்டாண்டுவரை ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

தலைமை ஆசிரியையைப் பார்த்து, கடன் என்னுடையது என்று சொன்னேன். “இதைப் பெரியவர் வந்து கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். சொல்லியிருக்கலாம்.

ஜூலை 26, புதன்

சிராஜ் ஆள் பிடித்துக் கொடுத்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, சொந்தச் சோதனைக்கு மட்டும் என்பதால் சான்றிதழ் கேட்கவில்லை. எண்பத்தைந்தாயிரம். டெம்போவில் ஏற்றும்போது சிராஜ், “போகுது பாரு சனியன்” என்றான். அது டெஸ்டரின் தப்பு இல்லை. அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை 28, வெள்ளி

வங்கி அலுவலகம். தேன்மொழி மேடம் எழுதிக்கொடுத்த இரண்டு வரிகளைச் சேர்க்க அவர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேலாளர் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வட்டியில் ஒரு பகுதி தள்ளுபடி. எண்பத்தைந்தாயிரம் இப்போது, மீதி மாதத் தவணை, நான்கு வருடம், என் சம்பளத்திலிருந்து. வீட்டின்மேல் உரிமை கோர மாட்டோம் என்ற கடிதம் முத்திரையோடு வந்தது. அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

ரெஜினால்டு படிவரை கூடவே வந்தான்.

“எங்க ஆபீஸ்ல இப்படிக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்ட ஆளு நீங்கதான் சார். எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“நீ?”

“நான் உங்க வீட்ல சாப்பிட்டிருக்கேன் சார்” என்றான். பிறகு, “இனிமே உங்களுக்கு நான் போன் போட மாட்டேன்” என்றான்.

ஜூலை 30, ஞாயிறு

மாமா வந்துவிட்டார். பையில் மணப்பாறை முறுக்கு. எனக்கா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசைமேல் வைத்திருந்த வங்கிக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மங்கை பேர் வரும் இடத்தில் விரலை வைத்திருந்தார். பிறகு மடித்து அவள் போட்டோவுக்குப் பின்னால் செருகினார்.

மத்தியானம் அவரே உலை வைத்தார். அரிசி இன்று அளவாக விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. சோற்றுக்கையோடு பாய்ந்து எடுத்தேன். ஏதோ மனை விற்பனை விளம்பரம். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “மாமா, அன்னிக்குப் போன் கேட்ல...”

“ஆஃப்ல இருந்துச்சு” என்றார்.

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

“பாப்பா உனக்குப் போட்டுப் பாத்துட்டுதான் எனக்குப் போட்டா. ‘அவரு போன் ஆஃப்ல இருக்குப்பா, வேலையா இருப்பாரு, எனக்குத் தலை விண்ணு விண்ணுங்குது’ன்னா. வெயில்ல போயிருப்பம்மா, தைலத்தத் தேச்சுக்கிட்டுக் கொஞ்சம் படுன்னு சொன்னேன். படுத்துட்டா.”

குழம்பு ஊற்றிக்கொண்டார். பாதி இலைக்கு வெளியே போனது.

“நீ வர்றவன் போறவன்கிட்டல்லாம் கேட்டுல இருந்துச்சு, கேட்டுல இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்த. சொல்லிட்டுப் போறான்னு இருந்தேன். நான் மட்டும் என்ன, எல்லாத்தையும் சொல்லிட்டேனா?”

வெகுநேரம் இருவரும் சாப்பிட்டோம். மோர் எடுத்து வந்து அவருக்கு ஊற்றினேன். போன் திரும்பவும் அடித்தது. என் உடம்பு தானாகவே எழுந்தது.

“உக்காரு மாப்ள” என்று அதட்டினார். “அந்தச் சனியன மொதல்ல அணைச்சுத் தொலை. நான் இங்க இருக்கேன், நீ இங்க இருக்க. இனிமே நம்மள யாரு கூப்பிடப் போறா?”

அடித்து ஓயும்வரை காத்திருந்தேன். மோர்சோறு சாப்பிட்டு முடித்தோம். பாத்திரங்களை நான் தேய்க்க, அவர் துடைத்துக் கவிழ்த்தார். இப்போது முன்னறையில் படுத்திருக்கிறார், லேசாகக் குறட்டை கேட்கிறது. முறுக்கை டப்பாவில் கொட்டி மூடினேன்.

போனை அணைத்துவிட்டேன்.